பதினைந்துக்குப் பன்னிரண்டு

'ஐ, டேனியல் பிளேக்' தொடங்கியதும் கொஞ்ச நேரத்துக்குத் திரையில் ஒன்றுமே இருக்காது. கறுப்பு. அதன்மேல் பெயர்கள் வந்துபோகும். இரண்டு குரல்கள் மட்டும் கேட்கும். ஒரு பெண் கேள்வி கேட்கிறார். யார் துணையும் இல்லாமல் ஐம்பது மீட்டர் நடக்க முடியுமா? சட்டையின் மேல்பாக்கெட்டில் எதையாவது வைப்பதுபோலக் கையைத் தூக்க முடியுமா? தொப்பி போடுவதுபோலத் தலை உயரத்துக்கு? தொலைபேசியின் பட்டனை அழுத்த முடியுமா? முன்பின் தெரியாதவரிடம் ஒரு எளிய செய்தியைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? பதில் சொல்கிறவர் டேனியல். வயது 59, நியூகாஸிலில் தச்சர். வேலையிடத்தில் மாரடைப்பு வந்து சாரத்திலிருந்து விழப்பார்த்தவர். கை நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது, கோளாறு என் நெஞ்சில், அதைப் பற்றிக் கேளுங்கள் என்கிறார். அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போகிறார்.

நான் இதை வீட்டில், லேப்டாப்பில், ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மனைவி சிரித்தாள். டேனியல் நக்கலாகத்தான் பதில் சொல்வார், சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கு வரவில்லை. அந்தப் பெண்ணின் குரல் எனக்குத் தெரிந்த குரல். ஸ்க்ரீனைப் பார்த்து வாசிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு குரல் வந்துவிடும். ஆறாவது கட்டத்தை நிரப்பாமல் ஏழாவதுக்குப் போக விடாது. 'நெக்ஸ்ட்' பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். எதிரில் இருப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார், அதைப் போட ஸ்க்ரீனில் இடமில்லை. என்ன செய்வார்? அந்தச் சாம்பல் நிறப் பட்டனைச் செய்து பிழைப்பவன் நான்.

ஆறேழு வருடம் முன்பு ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ப்ராஜெக்ட். விபத்தாலோ நோயாலோ வேலைக்குப் போக முடியாமல் இழப்பீடு கேட்பவர்களின் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் ரூல் எஞ்சின் எழுதினோம். ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண், கடைசியில் கூட்டல், கூட்டலுக்கு ஒரு எல்லைக்கோடு. அந்த எல்லை, கான்ஃபிக் ஃபைலில் ஒற்றை வரி. எங்கள் டெஸ்டர், காலேஜ் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், ஒரு டிக்கெட் போட்டிருந்தாள். ஒருவருக்கு எல்லைக்கு ஒரு மதிப்பெண் குறைகிறது, ஆனால் டாக்டர் கடிதத்தில் வேலைக்குப் போகக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது, சிஸ்டம் அந்தக் கடிதத்தைப் படிப்பதே இல்லை, இது சரியா என்று. கடிதம் ஓர் இணைப்பு. இணைப்புகளை எங்கள் சிஸ்டம் பத்திரமாகச் சேமிக்கும், திறக்காது. ரிக்வயர்மென்ட் டாக்குமென்டை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. 'ஒர்க்கிங் ஆஸ் டிசைன்ட்' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஆக, கென் லோச் 2016இல் எடுத்து, கேன்ஸில் தங்கப் பனை வாங்கிய இந்தப் படத்தை நான் டேனியலின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடியாது. அந்தக் கறுப்புத் திரையின் இன்னொரு பக்கத்திலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு.

படத்தில் வரும் சோதனை கற்பனை அல்ல. நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகையோடு சேர்த்து, 2008 அக்டோபரில், லேபர் கட்சி ஆட்சியில் வந்தது. பெயர் வேலைத்திறன் மதிப்பீடு. இந்தத் தேர்வில் தேற வேண்டுமென்றால் உங்கள் உடம்பு தோற்க வேண்டும். முதலில் அட்டோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் நடத்தியது. ஒப்பந்தம் முடியும் முன்பே அது விலகிக்கொள்ள, 2015 மார்ச்சிலிருந்து மேக்ஸிமஸ் என்ற அமெரிக்க நிறுவனம். கேள்வி கேட்பவர்கள் நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருப்பார்கள், சில சமயம் டாக்டர். அட்டோஸ் காலத்தில் அவர்கள் முன்னால் 'லிமா' என்றொரு மென்பொருள் இருந்தது. தேர்வுகளைச் சொடுக்கினால் அறிக்கைக்கான வாக்கியங்களை அதுவே கோத்துத் தரும். அறிக்கை அரசுத் துறைக்குப் போகும். அங்கே 'முடிவெடுப்பவர்' என்ற பதவிப் பெயரில் ஒருவர் இருப்பார். அவருடைய ஃபோனுக்காகத்தான் டேனியல் காத்துக்கிடக்கிறார். அவர் முகம் நமக்குக் காட்டப்படுவதே இல்லை. லோச் சரியாகச் செய்த விஷயங்களில் இது ஒன்று.

ஒவ்வொரு செயலுக்கும் நிலைகள் உண்டு, நிலைக்கு 0, 6, 9, 15 என்று மதிப்பெண். மொத்தம் 15 வர வேண்டும். டேனியலுக்கு 12. படம் இதை ஒரு வசனத்தில் சொல்லிக் கடந்துவிடும். நான் பாஸ் செய்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இந்த எண்களை வைத்து 12 வருவதற்கு ஒரே வழி, இரண்டு ஆறு. அதில் ஒரு ஆறு ஒன்பதாகியிருந்தால் 15. எந்த இரண்டு ஆறு என்று படம் சொல்லவில்லை. உதாரணத்துக்கு நடையை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டரைத் தாண்டி நடக்க முடியாதவருக்கு 6, 100 மீட்டரைத் தாண்ட முடியாதவருக்கு 9. வித்தியாசம் நூறு மீட்டர். தெருமுனை டீக்கடையிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்கும். இன்னொன்று, விதியின் வாசகத்தில் 'திரும்பத் திரும்ப' என்று ஒரு சொல் உண்டு. ஒருமுறை நடந்து காட்டினால் போதாது, நியாயமான நேரத்துக்குள் அதே தூரத்தை மறுபடியும் நடக்க முடிய வேண்டும். 'ஐம்பது மீட்டர் நடப்பீர்களா' என்று வாய்விட்டுக் கேட்கும்போது அந்தச் சொல் எங்கோ விழுந்துவிடுகிறது. ரிக்வயர்மென்டில் இருந்த ஒரு சொல் ஸ்க்ரீனுக்கு வருவதற்குள் தொலைந்துபோவது எப்படி என்று என்னைக் கேட்டால் ஒரு முழு நாள் பேசுவேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 2008 விதித்தொகுப்பில் 29ஆம் விதி. 15 மதிப்பெண் வராவிட்டாலும், ஒருவரை வேலைக்குத் தகுதியானவர் என்று அறிவிப்பதால் அவருடைய உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கணிசமான ஆபத்து வருமென்றால், அவரைத் தகுதியில்லாதவராகவே கருதலாம். மாரடைப்புக்குப் பிறகு வேலைக்குப் போகாதே என்று டாக்டர் சொன்ன ஒரு தச்சருக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. லோச்சும் திரைக்கதை எழுதிய பால் லாவர்ட்டியும் இந்த விதியைப் படத்துக்குள் கொண்டுவரவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. படம் காட்டும் அமைப்பில் கதவே கிடையாது, சுற்றிலும் சுவர். நிஜத்தில் கதவு இருந்தது. அதைப் பற்றி விண்ணப்பதாரரிடம் சொல்வது யாருடைய வேலை என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. சுவரைப் பார்த்து வரும் கோபத்தைவிட இந்தக் கதவைப் பற்றித் தெரிந்த பிறகு எனக்கு வந்த கோபம் அதிகம்.

நடைமுறையைக் காட்டும் இடங்களிலெல்லாம் படம் அபாரம். டேனியல் உதவி மையத்துக்கு ஃபோன் போட்டு 1 மணி 48 நிமிடம் காத்திருக்கிறார், விவால்டி திரும்பத் திரும்ப ஓடுகிறது. மேல்முறையீட்டுக்கு முன்னால் 'கட்டாய மறுபரிசீலனை' என்றொரு படி இருக்கிறது (2013இல் சேர்த்தது, மனிதர்கள் பாதியில் களைத்துப்போகட்டும் என்றே கட்டிய மாடிப்படி). அதுவரை சாப்பிட வேண்டுமென்றால் வேலை தேடுவோருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வாரம் 35 மணி நேரம் வேலை தேடியதாக நிரூபிக்க வேண்டும், கிடைத்தாலோ உடம்பு இடம் கொடுக்காது. விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும். மௌஸை ஸ்க்ரீனில் மேலே கொண்டுபோங்கள் என்று சொன்னதும் டேனியல் மௌஸைக் கையில் எடுத்துத் திரைமேல் வைக்கிறார். இங்கேயும் மனைவி சிரித்தாள். நாற்பது வருடம் உளி பிடித்த கைக்கு, ஒரு பொருளை மேலே கொண்டுபோ என்றால் தூக்கு என்றுதான் அர்த்தம்.

ஆனால் டேனியல் ரொம்ப நல்லவர். இதுதான் எனக்கு இந்தப் படத்தோடு உள்ள சண்டை.

மனநோயோடு போராடிய மனைவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். லண்டனிலிருந்து இரண்டு குழந்தைகளோடு தூக்கியெறியப்பட்டு வந்த கேட்டி என்ற பெண்ணுக்குக் கேட்காமலே உதவுகிறார், வீட்டில் ரிப்பேர் வேலை பார்த்துக் கொடுக்கிறார், குழந்தைகளுக்காக மரத்தில் மீன்கள் செதுக்குகிறார். குடி கிடையாது, பொய் கிடையாது. டேவ் ஜான்ஸ் மேடை நகைச்சுவைக் கலைஞர், அவர் முகத்தைப் பார்த்தாலே நமக்குப் பிடித்துவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கே இந்தக் கதியா என்று துடிக்கிறோம். அந்த 'இப்படிப்பட்டவருக்கே' என்பதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். டேனியலின் இடத்தில் ஒரு குடிகாரரை வைத்துப் பாருங்கள். எரிந்து விழுகிறவர், வலியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர். அல்லது திங்கள்கிழமை எழுந்து காய் நறுக்கிவிட்டுச் செவ்வாய்க்கிழமை கட்டிலைவிட்டு இறங்க முடியாதவர். மூட்டுவாதமோ மனச்சோர்வோ உள்ளவர்களைக் கேட்டால் தெரியும், உடம்பு தினமும் ஒரே பதிலைச் சொல்லாது. சோதனை நடப்பது திங்கள்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை கணக்கில் வராது. இந்த ஆட்களையெல்லாம் வைத்துப் படம் எடுத்தால் நாம் அழுவோமா? அழாவிட்டாலும் அவர்களுக்கு அந்தப் பணம் சேர வேண்டும்.

உழைக்கத் தெம்புள்ள ஏழை, தெம்பில்லாத ஏழை, உதவிக்கு உரியவன், உரியவனில்லாதவன் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கிலாந்தில் பழையது. 1834இன் ஏழைகள் சட்டம் முதல் வகையினரை உழைப்பு விடுதிக்குள் தள்ளியது. பதினைந்து மதிப்பெண் அந்தச் சல்லடையின் புதிய வடிவம். லோச் வாழ்நாள் முழுக்க அதை எதிர்த்தவர், சந்தேகமில்லை. இருந்தும் கடைசியில், டேனியல் மேல்முறையீட்டில் வாசிக்க வைத்திருந்த தாளைக் கேட்டி அவருடைய இறுதிச் சடங்கில் வாசிக்கும்போது, அந்த மனிதர் தான் சோம்பேறியோ திருடனோ இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தன்னைப் பிரித்துக்கொள்கிறார். அறையில் எல்லோரும் அழுகிறார்கள், நானும்தான். அழுது முடித்த பிறகு தோன்றியது: சல்லடையை உடைக்க வந்த படம், இந்த ஒரு கல் மட்டும் தவறாகக் கீழே விழுந்துவிட்டது என்றல்லவா சொல்கிறது?

மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விசாரணைக்குச் சற்று முன், அங்கேயே கழிவறையில் இன்னொரு மாரடைப்பில் டேனியல் இறந்துபோகிறார். மிகை என்று பலர் சொன்னார்கள். அப்போதைய துறை அமைச்சர் டேமியன் கிரீன், படத்தைப் பார்க்காமலே அநியாயமான படம் என்றார். மிகை என்பதை நான் ஏற்கமாட்டேன். 2015இல் அந்தத் துறையே வெளியிட்ட எண்: 2011 டிசம்பருக்கும் 2014 பிப்ரவரிக்கும் இடையில், வேலைக்குத் தகுதியானவர் என்று முடிவாகி உதவித்தொகை நின்றவர்களில் 2,380 பேர் இறந்திருந்தார்கள். முடிவுதான் சாவுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்று துறை சொன்னது, அது சரிதான். ஆனால் உயிர் போகும் அளவுக்கு நோயுற்ற உடம்புகளை அந்தச் சோதனை வேலைக்கு லாயக்கு என்று பார்த்ததா இல்லையா என்ற கேள்விக்கு இந்த எண் போதும்.

என் வருத்தம் வேறு. சாவு வந்ததால் விசாரணை நடக்கவில்லை. வழக்கை எடுத்தவர் நிச்சயம் ஜெயிப்போம் என்கிறார், அது வெறும் ஆறுதல் அல்ல. அந்த ஆண்டுகளில் இந்த உதவித்தொகைக்காகத் தீர்ப்பாயம் வரை போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஜெயித்தார்கள். மேல்முறையீடு செய்தவர்கள் மொத்தத்தின் சரியான மாதிரி ஆகமாட்டார்கள், தெம்பும் நம்பிக்கையும் உள்ளவர்கள்தான் அங்கே வரை போவார்கள், அதனால் முடிவுகளில் பாதி தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் புகார் வந்த அவுட்புட்டில் பாதி தவறு என்றால் எங்கள் ஆபீஸில் ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரையும் எழுப்பியிருப்பார்கள். டேனியல் உயிரோடு உள்ளே போய், பத்து நிமிடத்தில் ஜெயித்து, மரச்சாமான்களையெல்லாம் விற்றுத் தீர்த்த வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்கும் ஒரு கடைசிக் காட்சியை நான் கற்பனை செய்துகொண்டேன். யாரும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பத்து வருடப் பழைய படத்தை இப்போது ஏன் தோண்டுகிறேன் என்று கேட்கலாம். 2025 மார்ச்சில் பிரிட்டன் அரசு 'பிப்' என்ற இன்னொரு உதவித்தொகையின் விதியை மாற்றப்போவதாக அறிவித்தது. அதில் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு மொத்தம் 8 மதிப்பெண் வேண்டும். சமைக்க, குளிக்க, உடுத்த, கழிவறைக்குப் போக என்று நான்குக்கும் துணைக்கருவி தேவைப்படுகிற ஒருவருக்கு நாலு இரண்டு எட்டு. இனிமேல் ஏதாவது ஒரு செயலிலாவது 4 இருந்தால்தான் செல்லும் என்றார்கள். அந்த மனிதருக்கு எட்டு இருக்கும், நான்கு இருக்காது. மொத்தத் திட்டத்தால் 2029-30 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பவுண்டு மிச்சம் என்பது கணக்கு. சொந்தக் கட்சி எம்பிக்களே எதிர்த்ததால் ஜூலை 1ஆம் தேதி அரசு பின்வாங்கியது. அந்த நான்கை எந்த மருத்துவரும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. பட்ஜெட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கிடைக்கிற எண் அது. கான்ஃபிக் ஃபைலில் ஒற்றை வரி.

அந்தச் செய்தியைப் படித்த அன்று பழைய டெஸ்டருக்கு மெசேஜ் போட்டேன். இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில் டீம் லீட். அந்த டிக்கெட் ஞாபகம் இருக்கிறதா, டாக்டர் லெட்டர் பற்றி நீ போட்டது, என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

"இருக்குண்ணா. ரெண்டாவது தடவை ரீ-ஓப்பன் பண்ணேன். அதையும் நீங்கதான் மூடினீங்க."

இரண்டாவது தடவை எனக்கு ஞாபகமே இல்லை.