எந்த இரும்பு எந்த ஆண்டுடையது: ஏலத்துக்கு வரும் பழங்கார்களை ரசிக்கும் முறை

ஏலத்துக்கு வரும் பழங்காலக் காரின் வண்ணப்பூச்சையும் உடல்வளைவுகளையும் மட்டும் பார்த்து வியப்பவர், அதில் உள்ள சுவையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. விலை கோடிகளில் ஏறும் இக்கார்களில் பலவற்றைச் சுற்றி, இது உண்மையிலேயே அந்தக் கார்தானா என்னும் ஐயம் எப்போதும் உலவுகிறது. அதைப் பணம் போடுபவரின் கவலை என்று ஒதுக்கிவிடாமல் தமக்குரிய கருவியாக எடுத்துக்கொள்ளும் பார்வையாளருக்கே காரின் வரலாறு புலப்படத் தொடங்குகிறது. அசலா போலியா என்று கேட்டால் தெளிவாக விடை சொல்லக்கூடிய பழங்கார்கள் குறைவு. எந்தப் பகுதி எந்த ஆண்டைச் சேர்ந்தது, அது ஏன் அங்கு வந்தது என்று கேட்டாலோ, ஏறத்தாழ ஒவ்வொரு காரும் ஏதேனும் ஒன்றைச் சொல்லும்.

இந்தக் கேள்வியின் ஆழத்தை அறிய, இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 1990இல் விசாரித்த பென்ட்லி வழக்கு இன்றும் சிறந்த பாடமாக உள்ளது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ எனப்படும் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் பந்தயக் கார், பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தை 1929இலும் 1930இலும் வென்றது. இரு முறையும் அதை ஓட்டிய இணையரில் ஒருவர், அப்போது பென்ட்லி நிறுவனத்தின் தலைவராக இருந்த வுல்ஃப் பர்னாட்டோ. பின்னர் அதே காருக்கு எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நேர்ந்த விபத்தில் அதன் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். கார் மீண்டும் கட்டப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அது பெருந்தொகைக்கு விலைபேசப்பட்டபோது, தனக்குக் காட்டப்படுவது லெ மானை வென்ற கார் அன்று என்று கூறி, வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பின்வாங்கியது.

நீதிபதி ஆட்டன் காரைப் பகுதி பகுதியாக ஆராயச் செய்தார். 1929ஆம் ஆண்டுக் காரிலிருந்து, காலத்தைக் கணிக்க இயலாத சில சிறு பொருத்திகளைத் தவிர, எதுவும் எஞ்சவில்லை என்றும், 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டுமே மிஞ்சின என்றும் தெரியவந்தது. ஆயினும் தீர்ப்பு விற்பவரின் பக்கமே சென்றது. புதிய பாகங்கள் ஒரே நாளில் வந்து சேராமல், பந்தய வாழ்வின் போக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய உடலில் கலந்தன. எந்தக் கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு பென்ட்லி உலகில் இல்லை. ஆகவே உருவான நாளின் நிலையில் அது இல்லாவிடினும் மெய்யான ‘ஓல்ட் நம்பர் ஒன்’ அதுவே என்பது நீதிபதியின் முடிவு. உலோகம் மாறினாலும் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தால் அடையாளமும் தொடரும் என்னும் இக்கருத்தை ஏற்காத சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்களது மறுப்பிலும் நியாயம் இருக்கிறது, ஏனெனில் இதே வாதத்தைச் சற்று நீட்டினால், ஒரு பெயர்ப்பலகையும் ஒரு கட்டு ஆவணமும் வைத்திருப்பவர் புத்தம்புதிய காரையே 1930இன் கார் என்று விற்றுவிட முடியும்.

இந்த எல்லைக்கோட்டைக் கண்ணால் காணப் பழகுவதே ரசனையின் முதற்படி. சேஸி எனப்படும் அடிச்சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகியவற்றில் பொறிக்கப்பட்ட எண்கள் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்திருந்தால் அக்காரை ‘மேட்சிங் நம்பர்ஸ்’ கார் என்பர். எண் ஒத்திருப்பதோடு நின்றுவிடாமல், அதைச் சூழ்ந்துள்ள உலோகத்தையும் பார்க்க வேண்டும். 1960களின் செவ்ரலே கார்வெட் எஞ்சின்களில், இரும்பு வார்க்கப்பட்ட நாள் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். ஆங்கில எழுத்து மாதத்தையும் அதைத் தொடரும் எண்கள் நாளையும் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் குறிப்பதால், ‘சி 12 7’ என்பது 1967 மார்ச் 12 என்று பொருள்படும். வார்ப்பு முதலில், எஞ்சின் பூட்டப்பட்டது அடுத்து, கார் முழுமை பெற்றது கடைசியில் என்று தேதிகள் வரிசைப்பட வேண்டும். பிப்ரவரியில் ஆலையைவிட்டு வெளியேறிய காரில் மார்ச் மாத வார்ப்பு இருக்குமானால், எண்கள் எவ்வளவு அழகாக ஒத்திருந்தாலும் கதை உடைந்துவிடுகிறது. எண் பொறிக்கப்படும் தட்டையான பரப்பில், அதைச் சமப்படுத்திய ஆலை இயந்திரம் நுண்ணிய இணைகோடுகளை விட்டுச்செல்வதும் உண்டு. பழைய எண்ணைத் தேய்த்துப் புதிய எண்ணை அடிப்பவர்கள் பெரும்பாலும் இக்கோடுகளையும் சேர்த்து அழித்துவிடுவதால், கண்ணாடிபோல் வழவழப்பான பரப்பே சில நேரங்களில் ஐயத்துக்கு இடமளிக்கிறது. மறுசீரமைப்பின்போது அப்பரப்பை நேர்மையாகவே சீவியிருக்கவும் கூடும் என்பதால், அதைக் கொண்டே குற்றம் சாட்டிவிடவும் முடியாது.

எண்களின் மீதான இந்தப் பற்று சில இடங்களில் அளவு கடந்துவிட்டது என்றே கூற வேண்டும். பந்தயத்துக்குப் பந்தயம் எஞ்சின் மாற்றப்பட்ட காரில் ‘பிறந்தபோது இருந்த எஞ்சினை’த் தேடுவது, அக்கார் வாழ்ந்த வாழ்வையே புரிந்துகொள்ளாமையாகும்.

எண்களைவிட நம்பத்தக்க சாட்சியாகச் சில வேளைகளில் காயங்கள் அமைகின்றன. ‘புல்லிட்’ திரைப்படத்தில் 1968இல் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங், பல்லாண்டுகள் ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்து, 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்குபவர் செலுத்தும் கட்டணமும் சேர்ந்தபோது அத்தொகை 37 லட்சத்தைக் கடந்தது. அக்காரைத் தமக்கே திரும்ப விற்குமாறு கேட்டு 1977இல் மெக்வீன் எழுதிய கடிதமும், கேமரா பொருத்துவதற்காக அடிப்பகுதியில் பற்றவைக்கப்பட்ட தாங்கிகளின் தடயங்களும் அதன் மெய்ம்மைக்குச் சான்றாயின. யாரேனும் அன்போடு அதைப் புதுக்கியிருந்தால், அத்தடயங்களில் பல மறைந்தே போயிருக்கும். மிகையான பளபளப்பு அழகைக் கூட்டுவதைக் காட்டிலும் சான்றை அழிப்பதே அதிகம் என்னும் உணர்வு, தாமதமாகவேனும், போட்டி நடுவர்களிடமும் பரவியுள்ளது: கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடைபெறும் புகழ்பெற்ற கார் அழகுப் போட்டியில், புதுக்கப்படாமல் பேணப்பட்ட கார் ஒன்று 2024இல் முதன்முறையாகத் தலைமைப் பரிசை வென்றது. அது ஒருகாலத்தில் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59.

ஏலப் பட்டியலின் மொழியையும் இதே கூர்மையோடு வாசிக்க வேண்டும். ‘இந்தச் சேஸி எண்ணைத் தாங்கியுள்ளது’ என்று எழுதுவதற்கும் ‘இந்தச் சேஸி இதுவே’ என்று எழுதுவதற்கும் இடையே, சட்ட அறிஞர்கள் வாழ்க்கை நடத்தப் போதுமான இடைவெளி உண்டு. ‘என நம்பப்படுகிறது’, ‘விற்பவர் கூற்றுப்படி’ போன்ற தொடர்கள் பொறுப்பை ஏல நிறுவனத்தின் தோளிலிருந்து இறக்கி வைக்கின்றன. பக்கக்கணக்கில் விரியும் உடைமை வரலாறு, அதாவது கார் யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்னும் தொடர், போர்க்கால ஆண்டுகளையோ ஒரு பெரும் விபத்தையோ ஒரே வரியில் தாண்டிச் செல்லுமானால், அந்த வரியில்தான் நின்று நிதானிக்க வேண்டும். விற்பனைக்கு முன் ஏல நிறுவனங்கள் கார்களைப் பொதுப் பார்வைக்கு வைப்பது வழக்கம்; கூட்டம் பேனட்டின் முன் நிழற்படம் எடுத்துக்கொண்டிருக்கும் அந்நேரத்தில், காரின் ஆவணக் கோப்பைக் கேட்டு வாங்கி, விபத்துக்கு முந்தைய ஒரு பழைய நிழற்படத்தில் தெரியும் ஆணித்தலைகளின் வரிசையை எதிரே நிற்கும் உலோகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அங்கு யாதொரு தடையும் பெரும்பாலும் இருப்பதில்லை.