மூன்று நிலைகளும் சிறுவர் கல்வியும்

சடப்பொருள் திண்மம், திரவம், வாயு என மூன்று நிலைகளில் உள்ளதென்பது சிறுவர் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் பாடம். திண்மத்திற்குத் தனி வடிவமும் கனவளவும் உண்டு. திரவத்திற்குக் கனவளவு உண்டு, வடிவம் கொள்கலத்தினது. வாயுவிற்கு இரண்டும் நிலையில்லை என இலக்கணமும் உடன் கூறப்படும். இவ்விலக்கணம் பிழையன்று. ஆயின், காட்சிக்குப் பின் கூறவேண்டியதை முன் கூறுவதே குறையாகும்.

கற்பிட்டிக் குடாநாட்டு நுரைச்சோலையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிறுவன் கடற்கரை மணலைச் சிரட்டையில் இடுகின்றான். மணல் சிரட்டையின் வடிவத்தைப் பெறுகின்றது. கற்ற இலக்கணப்படி மணல் திரவமோ என அவன் வினவின், அது குறும்பன்று, நேரிய ஆராய்ச்சியே. அவ்வினாவை அதட்டி அடக்குதல் தகாது. நீர் மட்டமாகப் பரவ, மணல் குவியலாய் நிற்பதையும், ஒவ்வொரு மணியும் தன் வடிவம் விடாதிருப்பதையும் அவனே காணச் செய்தல் வேண்டும்.

ஊர்ப் பெயரிலுள்ள நுரையும் ஒரு பாடமே. அது தனி நிலையன்று. நீர்ப்படலத்துட் சிறைப்பட்ட காற்று. மூன்று பெட்டிகளுள் யாவற்றையும் அடைக்க முயலும் நூல்கள் இத்தகைய கலவைகளை மறைத்துவிடுகின்றன.

உப்பின் செய்தி இன்னும் நுட்பமானது. நீரிற் கரைந்த சீனி இல்லாதொழிந்தது என இளஞ்சிறார் கருதுவதைப் பியாசேயும் இன்ஹெல்டரும் 1941ஆம் ஆண்டு நூலில் விளக்கினர். சூடேறிய மெழுகு உருகும், நீரிலிட்ட உப்பு கரையும் எனத் தமிழ் வேறுபடுத்தியிருக்கவும், வகுப்பில் இரண்டும் ஒன்றாக மயங்குகின்றன. 1 லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஒரு தட்டுக் கடல்நீரை வெயிலில் வைத்தால், மறைந்ததாக எண்ணிய உப்பு மீண்டு தோன்றும். புத்தளத்து உப்பளங்களில் நிகழ்வதும் இதுவே.

ஆவி பற்றிய மயக்கமும் உண்டு. கேத்தல் வாயிலெழும் வெண்மையை நீராவி எனக் காட்டுவர். அது குளிர்ந்து ஒடுங்கிய நுண்டுளிகளின் கூட்டம். உண்மை நீராவி கட்புலனாகாது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 2011 முதல் சுழலிகளைச் சுழற்றுவதும் அக்காணா ஆவியே.

மணலும் உப்பும் நுரையும் காலடியிற் கிடக்க, ஏட்டு வாக்கியத்தை மட்டும் ஊட்டுதல் கற்பித்தலாகாது. சிறுவன் வினவுமிடத்தே பாடம் தொடங்குக. இலக்கணம் அதன் முடிவாக அமைக.