வினைக் கொள்கையும் பள்ளிச் சொற்பொழிவும்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியிற் சென்னை அசோக் நகரிலும் சைதாப்பேட்டையிலும் உள்ள இரண்டு அரசுப் பள்ளிகளில், மாணாக்கர்க்குத் தன்னம்பிக்கை ஊட்டும் பொருட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. நிகழ்த்தியவர் பரம்பொருள் அறக்கட்டளை மகாவிஷ்ணு என்பார். உறுப்புக் குறையோடும் வறுமையோடும் சிலர் பிறத்தற்கு முற்பிறப்பின் தீவினையே காரணம் என்பது அவர் கூற்று. அவையில் இருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து மறுத்தனர். பேச்சாளர் அவரோடு வாதிட்டனர். அக்காட்சி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவிப் பெருஞ்சினம் விளைத்தது. இரு பள்ளித் தலைமையாசிரியரும் இடம் மாற்றப்பட்டனர். செப்டம்பர் 7-ஆம் நாள் பேச்சாளர் கைதாயினர்.

இதுபற்றி எழுந்த வழக்கில் ஒருசாரார் வினைக் கொள்கையே மூடக் கொள்கை என்றனர். மற்றொரு சாரார், சமய உண்மையைச் சொன்னதற்கு ஒறுத்தல் முறையோ என்றனர். பேச்சாளர் சொன்னதே வினைக் கொள்கை என்று கொண்டமையால் இருசாராரும் ஒரே பிழைப்பட்டனர் என்க.

சித்தாந்தத்துள் வினை சடப்பொருள். அது தானே சென்று பயன் தாராது. அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன். கூட்டுவித்தல் ஆணவமலம் பரிபாகம் எய்துதற்பொருட்டு; ஆகலின் உடம்பு அருளாற் கிடைத்த கருவியே யன்றித் தண்டனைச் சீட்டு அன்று. எவ்வினை எவர்க்கு எப்பயனாய் வந்தது என்பது முற்றறிவுடைய அவனுக்கே புலனாம். சிற்றறிவினராகிய உயிர்களுள் ஒருவர் மற்றொருவரைச் சுட்டி, “நின் குறை நின் பாவத்தால் வந்தது” என்றல், இறைவற்கே உரிய அறிவைத் தமக்கு ஏற்றிக்கொள்வதாம். அஃது ஆணவத்தின் செயலே.

அற்றேல், சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரிற் சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்தாரன்றோ எனின், அங்கே பிழையைத் தம்மேல் ஏற்றுப் பாடியவர் அவரே. தன்னை நோக்கி வினை என்று உணர்வது பணிவு. பிறரை நோக்கி வினை என்று உரைப்பது இகழ்ச்சி. சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு.

தண்டியடிகள் வரலாறு இதனை நன்கு விளக்கும். பிறவியிலேயே கண்ணில்லாத அப்பெரியார் திருவாரூர்த் திருக்குளத்தைத் தாமே அகழ்ந்தார். தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அவரது குறைக்கு முற்பிறப்புப் பாவம் எதனையும் சேக்கிழார் கூறிற்றிலர். கண்ணின்மையைக் காட்டி அவரை எள்ளினோரே அவ்வரலாற்றிற் பார்வை இழந்தனர். பள்ளி மேடையில் நின்ற பேச்சாளர் அவ்வரலாற்றில் எவர் பக்கம் நின்றார் என்பதை அன்பர் ஓர்ந்து கொள்வாராக.

இன்னும் ஒன்று. திருச்செங்கோட்டிற் குளிர் சுரம் அடியாரை வருத்தியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினர். இன்ன வினைக்கு இன்ன பயன் என்று சொல்லி இருந்துவிடாது, அதனினின்றும் உய்யும் வழி நாடுதல் வேண்டும் என்பதே அதன் தொடக்கத்துக் கருத்து. சுரமும் நீங்கிற்று. வினை பேசியவர் துயர் துடைத்தனர் என்பதே சைவ மரபு. துயருற்றாரைப் பின்னும் வருத்துதற்கு அம்மரபில் இடமில்லை.

பள்ளியின் நிலையும் கருதத்தக்கது. அரசுப் பொருளானே முழுதும் நடக்கும் பள்ளியிற் சமய போதனை கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளரைப் பலரறிய வேண்டுமென்றே இழித்துரைத்தல் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சைவ நெறியும் இவற்றோடு முரண்படாது. பக்குவம் நோக்கி, நாடி வந்தார்க்கே ஆசிரியன் உபதேசிப்பன். எழுந்து செல்ல இயலாத பல சமயச் சிறாரை வரிசையாக அமர்த்தி ஓதுவது உபதேசம் ஆகாது.

ஆகவே சுரண்டை, தென்காசி முதலிய ஊர்ப் பள்ளிகளுக்கு அழைக்கப்படும் சைவச் சொற்பொழிவாளர், ஊன்றுகோலுடன் முன்வரிசையில் அமர்ந்த ஒரு சிறுவன் கேட்டு உளம் வாடாதபடி பேச வல்லேமோ என்று முன்னரே தம்மைத் தாம் வினவிக் கொள்வாராக. வல்லராயின் செல்க, அன்றேல் வீட்டிலிருந்து திருமுறை ஓதுக. பேசப்பட்ட அவையிலேயே எழுந்து தடுத்த அவ்வாசிரியரின் செயல், பின்னர்ப் பல்லாயிரவர் காட்டிய சினத்தினும் சிறந்தது. வினைக் கொள்கையின் பெருமையை அன்று காத்தவர் அவரே எனல் மிகையாகாது.