பேரேட்டுக்கு ஒரு வட்டு, சரக்குக்கு ஒரு வட்டு

பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்து ஏடுகளும் கடிதங்களும் தேவகோட்டை வீடுகளின் இரண்டாம் கட்டு அறைகளில் இன்றைக்கும் எஞ்சியிருக்கின்றன என்பதும், அவற்றை வருடிக் கணினியில் ஏற்றிவைக்கும் ஆசை இப்போது அங்கங்கே துளிர்த்திருக்கிறது என்பதும் மகிழ்ச்சிக்குரிய விஷயங்களே. ஆயினும், ஏற்றியதற்கு ஒரு பிரதி வேண்டுமே என்ற எண்ணம், முதல் ஹார்ட் டிஸ்க் பழுதாகிற நாள் வரையில், பெரும்பாலோருக்கு உதிப்பதில்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் ஆயுளைச் செலவிட்டுத் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும், அவர் 1992இல் காலமான பிறகு, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டுச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பட்டியலிடும் வேலையும் மைக்ரோஃபிலிம் எடுக்கும் வேலையும் சேர்ந்தே நடந்தன. பட்டியலில்லாத பிரதியில் வேண்டியதைத் தேடி எடுக்க முடியாது. பிரதியில்லாத பட்டியலோ இழந்ததன் ஜாபிதாவாகவே மிஞ்சும்.

தேவகோட்டையில் ஒரு வீட்டுச் சேகரத்துக்கும், அவ்வீட்டாரின் அலுவலகக் கணக்குகளுக்குமாகச் சேர்த்து ஒரு பேக்கப் சர்வர் அமைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தபோது, நான் தெரிந்தெடுத்த மென்பொருள் பேக்குலா. கெர்ன் சிபால்டு என்பவர் 2000ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய இது, கட்டணமின்றிக் கிடைப்பது. வேலைகளை ஏவுகிற டைரக்டர், தரவைத் தொகுதி எனப்படும் பெரிய கோப்புகளில் எழுதிவைக்கிற ஸ்டோரேஜ் டீமன், எந்தக் கோப்பு எந்தத் தேதியில் எந்தத் தொகுதியில் எழுதப்பட்டது என்பதைப் பதிந்துவைக்கிற கேட்டலாக் என்று அதன் காரியங்கள் பிரிந்து நிற்கின்றன. இவற்றுள் கேட்டலாக் என்பது போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு தரவுத்தளம். அதை எந்த வட்டில் வைப்பது என்பதே இங்கே முக்கியமான கேள்வி.

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால், சுருக்காத கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும்; ஒரு லட்சம் தாள்களுக்கு 2.6 டெராபைட். மூன்று மாதத்துக்கொரு முழு பேக்கப் எடுத்து நான்கினைக் காத்துவைத்தால் 10 டெராபைட்டைத் தாண்டிவிடுகிறது. கேட்டலாகின் கணக்கோ முற்றிலும் வேறு: ஒரு கோப்புக்கு ஏறத்தாழ 150 பைட் என்று கொண்டால், அலுவலகத்தின் சிறு கோப்புகளையும் சேர்த்து ஐந்து லட்சம் கோப்புகள், நான்கு முறைக்கு 20 லட்சம் பதிவுகள், ஆக 300 மெகாபைட், சுட்டுகளைச் சேர்த்தாலும் ஒரு கிகாபைட்டை எட்டுவது அரிது. இத்தனை சிறிய பொருளுக்குத் தனி வட்டு எதற்கு என்று கேட்பது இயல்பு. அளவை மட்டும் பார்ப்பவர்கள் தவறுகிற இடமும் அதுவே.

தொகுதிகள் ஓட்டமாக எழுதப்படுகின்றன. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒன்று அவ்வகை எழுத்தில் விநாடிக்கு 150 மெகாபைட்டும் அதற்கு மேலும் தரும். கேட்டலாகில் நடப்பதோ இங்கொன்றும் அங்கொன்றுமான சிறு எழுத்து. அதே வட்டு அவ்வகையில் விநாடிக்கு நூறு முறை எழுதினாலே பெரிது. பரிசோதனைக்காக நான்கு 8 டெராபைட் வட்டுகளை, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி இணைக்கும் ரெய்டு 5 ஆகக் கட்டி, எல்லாவற்றையும் அதிலேயே வைத்துப் பார்த்தேன். வருடிய படங்களுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை; ஆனால் அலுவலகச் சிறு கோப்புகளின் முறை வந்தபோது, தரவு முழுதும் எழுதப்பட்ட பிறகும், கோப்புகளின் பண்புகளைக் கேட்டலாகில் பதிந்துகொண்டிருப்பதாக டைரக்டர் அறிவித்தபடியே நெடுநேரம் நின்றுவிட்டது. ரெய்டு 5இல் ஒரு சிறு எழுத்துக்குப் பழைய தரவையும் பழைய சரிபார்ப்புத் தரவையும் படித்து, புதியவை இரண்டையும் எழுதவேண்டியிருப்பதால், ஒரு காரியம் நான்காகிறது என்பதே இதன் காரணம்.

ஆகவே, பெரிய வட்டுகள் நான்கையும், இரண்டு பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 ஆக மாற்றி, கிடைத்த 16 டெராபைட்டைத் தொகுதிகளுக்கே ஒதுக்கி, கேட்டலாகை ஒன்றுக்கொன்று பிரதியான இரு எஸ்.எஸ்.டி.களில் வைத்ததும், அந்தக் காத்திருப்பு அநேகமாக மறைந்தே போயிற்று. பண்புகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்பும் அதே எஸ்.எஸ்.டி.யில் இருப்பது உத்தமம். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவோட்டத்தில் எழுதி நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே உரிய இடத்தில் சேர்க்கிறது; நமது ஊர்க் கணக்குப்பிள்ளைகள் சிட்டையில் எழுதிப் பின்பு பேரேட்டில் ஏற்றியது போன்ற முறைதான் இது. மின்சாரம் சொல்லாமல் போகும் ஊரில், மின்வெட்டின்போது கையிலிருப்பதை எழுதி முடிக்கும் காப்புள்ள எஸ்.எஸ்.டி.யையும், ஒரு நல்ல யு.பி.எஸ்.ஸையும் வாங்குவது அனாவசியச் செலவாகாது. பெரிய வட்டுகளிலும், எழுத்துத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படிய அடுக்கும் எஸ்.எம்.ஆர். வகையைத் தவிர்க்கவேண்டும்; ரெய்டைச் சீரமைக்கும்போது அவை பெரிதும் தாமதிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை வட்டுகள் சிலவற்றில் இம்முறையைப் பயன்படுத்தியிருந்தது 2020இல் வெளிப்பட்டுச் சர்ச்சையானது பலருக்கு நினைவிருக்கும்.

பேக்குலாவிடம் எனக்குள்ள மனத்தாங்கல் அதன் இயல்பிருப்பு அமைப்புகளைப் பற்றியது. தொகுதிக் கோப்புக்கு வரம்பு விதிக்காவிட்டால் ஒரே கோப்பு வட்டு நிரம்பும் வரையில் வளர்ந்துகொண்டே போகும். ஒன்றுக்கு 50 கிகாபைட் என்று நான் வகுத்துவைத்தேன். காலாவதியான தொகுதியும் மறுபடி எழுதப்படும் வரையில் தன் இடத்தைக் காலி செய்வதில்லை. இவற்றைவிட அபாயமானது கோப்புப் பதிவுகளின் ஆயுள்: தானாக அது 60 நாள். மூன்று மாதத்துக்கொரு முழு பேக்கப் எடுக்கிறவர், மூன்றாம் மாதத்தில் ஒரே ஒரு கடிதத்தைத் தேடினால், தொகுதி வட்டில் பத்திரமாக இருக்க, பட்டியலில் அதன் பெயர் இராது. இந்த எண்ணை முதல் நாளே ஒரு வருஷத்துக்கும் மேலாக உயர்த்திவிடுவது நல்லது. கேட்டலாக் எத்தனை சிறியது என்று பார்த்தோமாதலால், இடம் பற்றிய கவலை வேண்டியதில்லை.

இதற்கு ஈடாக ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் என்ற பெயரில் வெகுகாலம் விற்ற மென்பொருளில், தரவுத்தளத்தை இழந்தால் சேமித்த தரவு இருந்தும் இல்லாததற்குச் சமானம். ஆகையால் தரவுத்தளம், நடப்புப் பதிவோட்டம், காப்பகப் பதிவோட்டம், சேமிப்புக் குளம் ஆகியவற்றை வெவ்வேறு வட்டுகளில் பிரித்துவைக்கும்படி அதன் கையேடுகள் வற்புறுத்தும். பேக்குலாவின் தொகுதிகளோ தம் உள்ளடக்கத்தைத் தாமே சொல்லவல்லவை. பிஸ்கேன் என்ற கருவியால் அவற்றைப் படித்துக் கேட்டலாகை மறுபடி கட்டலாம். ஆனால் 10 டெராபைட்டை முதலிலிருந்து படிக்கவேண்டுமென்றால், விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்திலும் அதற்கு ஏறத்தாழ 14 மணி நேரம் பிடிக்கும். ஆதலால் அன்றாட வேலைகள் முடிந்ததும் கேட்டலாகுக்கும் ஒரு பேக்கப் எடுக்கும்படி அமைத்து, அதன் பிரதியையும், அதை மீட்பதற்கு வேண்டிய சிறு பூட்ஸ்டிராப் கோப்பையும் காரைக்குடியிலுள்ள இன்னொரு கணினிக்கு இரவுதோறும் அனுப்பச் செய்திருக்கிறேன். சுருக்கிய பிறகு அது மிகச் சிறியதாகிவிடுவதால், வீட்டு இணைய இணைப்பே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.