விரல் நுனியில் டர்போ
நாமக்கல் லாரிப் பட்டறையில் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றியதும் தேர்ந்த மெக்கானிக் ஷாஃப்டின் முனையை விரலால் பிடித்து மெல்ல ஆட்டுவார். பக்கவாட்டில் இம்மியளவு ஆடலாம். ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது. டயல் கேஜ் இருக்க விரல் எதற்கு என்று கேட்கலாம். கேஜ் தேவைதான், ஆனால் அது ஆட்டத்தை மட்டுமே அளக்கும். சுழற்றும்போது வரும் சொரசொரப்பையும், டர்போவின் இறக்கை உறையில் உரசும் மெல்லிய கீச்சையும் விரலும் காதுமே பிடிக்கின்றன.

டர்போ பழுதானால் புதியதை மாட்டினால் தீர்ந்ததே என்பாரும் உண்டு. ஆனால் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றை நெருங்கக்கூடிய ஷாஃப்ட் அது. அடைத்த ஆயில் குழாயையும் கிழிந்த ஏர் ஃபில்டரையும் பார்க்காமல் மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும். மாட்டும்போது ஆயில் துளையில் புது ஆயிலை ஊற்றி, டர்போவின் சக்கரத்தைக் கையால் சுற்றி, அது வழுவழுவென்று ஓசையின்றி ஓடும்வரை காத்திருக்கும் பொறுமை எத்தனை அழகு!