கார் அறுப்புக்குத் திருநாள் இல்லை

அறுவடைத் திருநாள் என்றால் தைப்பொங்கல் என்று பள்ளிப்பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் தை முதல் நாளன்று தென்காசிப் பக்கம் பண்பொழியிலிருந்து வடகரைக்குப் போகிறவர்கள் இருபக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பின்பருவமான பிசான நெல் அப்போதுதான் பொதி கட்டியோ பால் பிடித்தோ நிற்கும். அதை அறுக்க மாசி, பங்குனி ஆகிவிடும். சம்பா அறுத்த கையோடு பொங்கலிடுவது காவிரிப் படுகையின் கணக்கு. நம் பக்கத்தில் பானைக்குள் போவது வீட்டு நெல்லாக இருந்தால், அது பெரும்பாலும் முன்பருவத்தில் விளைந்து புரட்டாசியில் அறுத்த காராகத்தான் இருக்கும். அந்தக் கார் அறுப்புக்கென்று நாள் கிழமை எதுவும் கிடையாது.

காரணம் மழை. குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கொண்டாடுகிற தென்மேற்குப் பருவமழைதான் இங்கே கார் சாகுபடிக்கு முதல். மேக்கரை மலையடியில் 132 அடி உயர அடவிநயினார் அணை நிரம்பியதும் மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிகால், வல்லாகுளம்கால், இலத்தூர்கால் என்று வாய்க்கால்கள் வழியே தண்ணீர் பிரியும். அதை நம்பி இருப்பது சுமார் 7,600 ஏக்கர். ஆனியில் நட்டது புரட்டாசியில் முற்றும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. ஒரு மழை விட்டு அடுத்த மழை பிடிப்பதற்குள் அறுத்து, அடித்து, காயவைத்து வீடு சேர்த்தாக வேண்டும். நம் அறுப்பு மரபில் சடங்கு குறைவாகவும் கறார் அதிகமாகவும் இருப்பதற்கு இந்த அவசரமே காரணம் என்பது என் எண்ணம்.

அந்தக் கறாரைக் களத்தில்தான் பார்க்க வேண்டும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மடையை அடைத்து வயலை வடியவிடுவார்கள். கதிரில் ஐந்தில் நான்கு பங்கு மணி பழுத்து, அடிமணி மட்டும் லேசாகப் பச்சை காட்டும்போது அரிவாள் இறங்க வேண்டும். முந்தினால் சாவி கூடும், பிந்தினால் மணி வயலிலேயே உதிரும். குறுகிய வயது ரகங்கள் சாய்ந்து ஈரத்தில் கிடந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும் என்பதால் கார் அறுப்பில் பிந்துவதுதான் பெரிய குற்றம். கட்டுகள் களம் சேர்ந்ததும் முதலில் தலையடி. அரிகளைக் கல்லிலோ பலகையிலோ ஓங்கி அடிக்கும்போது நன்றாக முற்றிய, கனத்த மணிகளே முதலில் விழும். விதைக்கு எடுப்பது அதைத்தான். தாளில் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்கு மாடு பூட்டிச் சூடடிப்பு. பிறகு காற்றுப் பார்த்துத் தூற்றி, பதர் நீக்கி, பொலி கூட்டி, இரவில் யாரும் கை வைத்தால் தெரியும்படி சாணிப்பாலால் குறி போடுவார்கள். காய்ச்சல் போதுமா என்று பார்க்கப் பெரியவர்கள் நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார்கள். ‘கடுக்’ என்று உடைந்தால் மூட்டை கட்டலாம். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

அளவிலும் அதே கறார்தான். 21 மரக்கால் ஒரு கோட்டை. அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். தலைதட்டி அளப்பதா, கூம்பாக விடுவதா என்பதில்தான் குத்தகைக்காரருக்கும் நிலக்காரருக்கும் நடந்த வழக்குகளில் பாதி. கூலியும் நெல்லாகவே அளந்தார்கள். மரக்காலைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள், அளந்தவர் கையில் எத்தனை பேருடைய வயிறு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தை ஒட்டிக் கிலோ கணக்கு வந்தது ஏழைக்குக் கெடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வேறு மரபு. பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் அந்த வழக்கம் நமக்கும் அந்நியமில்லை. நிறைபுத்தரிசி என்று ஆடி, ஆவணியில் கோயிலுக்குப் புதுக்கதிர் கொண்டுபோய்ப் பூசித்து, பக்தர்களுக்குக் கொடுக்க, அவர்கள் அதை வீட்டு வாசலில் கட்டுவார்கள். சபரிமலைக்கு அச்சன்கோவிலிலிருந்து கதிர்க்கட்டுகள் போகும். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும் உண்டு. அங்கே முதல் கதிர் சாமிக்குப் போகிறது, இங்கே தலையடி நெல் விதைக்குப் போகிறது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலிலும் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் நெற்புதிர் எடுக்கிறார்கள். விழா இல்லாத வகையில் தஞ்சைக் குறுவை மட்டுமே நம் காருக்கு உண்மையான பங்காளி. அதுவும் புரட்டாசி, ஐப்பசியில் மழைக்குப் பயந்தே அறுபடுகிறது, அதற்கும் விழா கிடையாது.

விழா உள்ள இடத்தையும் பார்ப்போம். இத்தாலி நாட்டுப்புறத்தில் இதே செப்டம்பர், அக்டோபரில்தான் திராட்சை அறுப்பு. ரோமுக்குப் பக்கத்து மரீனோ ஊரின் புகழ்பெற்ற திராட்சைத் திருவிழா 1925இல் தொடங்கியது, ஃபிளாரன்ஸ் அருகே இம்ப்ரூனெத்தாவில் 1926இல். பழங்காலத்து விழா என்று நாம் நினைப்பது நம் தாத்தாக்கள் காலத்தில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து ஏற்பாடு செய்தது. அப்படியானால் பண்பொழியிலும் ஒரு கார்த் திருவிழா தொடங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தொடங்கலாம்தான். புரட்டாசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவது யாருக்காக என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்று அறுப்பவர்கள் மாறிவிட்டார்கள். ஈர வயலில் பெல்ட் அறுவடை வண்டி, காய்ந்த வயலில் டயர் வண்டி, வாடகை மணிக்கணக்கில். விலையை முடிவு செய்வது ரகம். 1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 இட்லிக்கு ஏற்ற குண்டு மணி. ஆனால் குண்டு மணி என்பதாலேயே கொள்முதலில் அது சாதாரண ரகம். 2025 செப்டம்பர் 1இல் தொடங்கிய பருவத்தில் அதற்குக் குவிண்டாலுக்கு ரூ.2,500, சன்ன ரகத்துக்கு ரூ.2,545. கடித்துப் பார்த்த பல்லின் இடத்தில் ஈரப்பதமானி வந்து உட்கார்ந்திருக்கிறது. 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை திரும்பும். வண்டி அறுத்த நெல் பச்சையாகவே கொட்டுகிறது. மண்களங்கள் மனைகளானதால் அதைக் காயவைக்கத் தார்ச்சாலைதான் கதி.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுக் கிராமங்களில் ஆகஸ்ட் 15 கிராமசபை, நம் பேரூராட்சிகளில் அதையொட்டிய மன்றக் கூட்டம், இவற்றில் இரண்டே கோரிக்கைகளைத் தீர்மானமாக வையுங்கள்: ஒவ்வொரு பாசனக் காலுக்கும் ஒரு சிமெண்ட் உலர்களம், புரட்டாசி பிறக்கும் முன்பே திறக்கும் ஒரு கொள்முதல் நிலையம்.