புள்ளிகள் பிரித்த பிள்ளைகள்

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராய் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு உயிர் தப்பினார்; உற்றாருள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பின்னாளில் உளவியல் அறிஞராகிய அவர் 1970இல் வெளியிட்ட பிரிஸ்டல் ஆய்வு நம் சிந்தனைக்குரியது.

பள்ளிச் சிறுவர் 64 பேர் திரையில் மின்னி மறைந்த புள்ளிகளை எண்ணிச் சொன்னார்கள். கூட்டிச் சொன்னோர், குறைத்துச் சொன்னோர் எனப் பிரிப்பதாகக் கூறப்பட்டது. உண்மையில் பிரித்ததோ சீட்டுக் குலுக்குவதுபோல்! தம் குழுவினர் யாரென்றே எவரும் அறியார். ஆயினும் காசு பங்கிடும்போது தம் குழுவுக்கே மிகுதியாய் அளித்தனர். அடுத்த சோதனையிலோ, தம்மவர் பங்கு குறைந்தாலும் மற்றவரை விஞ்சி நின்றால் போதும் என்பதே பலரின் தேர்வாயிற்று.

இப்னு கல்தூன் கூறிய ‘அஸபிய்யா’வுக்கு இரத்த உறவும் கூடி வாழ்தலும் அடிப்படை. இங்கோ வெறும் பெயரே போதுமாயிற்று.

எனினும், இதைக் காட்டி வெறுப்பு மனித இயற்கை என்று முடிவு கட்டுவோருடன் நாம் உடன்படோம். அச்சிறுவர் பங்கிட்டது காசு, எவரையும் துன்புறுத்தவில்லை. தண்டனையைப் பங்கிடச் செய்த பிற்கால ஆய்வுகளில் இச்சார்பு பெரிதும் தளர்ந்தது. தம்மவர்க்குக் கூடுதலாய்க் கொடுப்பதற்கும் அயலார் வீட்டுக்குத் தீ வைப்பதற்கும் நெடுந்தொலைவு. 1935இல் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர் யாரென வரையறுத்து, ஜெர்மானிய யூதரின் குடியுரிமையைப் பறித்தன. அந்த அரசின் கைவேலையைப் புள்ளிக் கணக்கில் தேடுவது எங்ஙனம்?